வாட்ச் பட்டைக்குக் கீழே

கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசிப் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. ‘ஆபீஸ்’ என்பார்கள். என் ஆச்சி இருபத்தைந்து வருடம் ஆபீசுக்குப் போனாள். காலையில் தூக்குவாளியில் பழைய சோற்றை எடுத்துக்கொண்டு கிளம்பினால் பொழுது சாயத்தான் வருவாள். வேலை, சட்டத்தில் தீக்குச்சி அடுக்குவது. குனிந்து அடுக்கும்போது காதில் தொங்கிய பாம்படம் இரண்டும் முன்னால் சரிந்து கன்னத்தில் இடிக்கும். இரு கையிலும் வேலை இருக்கும் என்பதால் அவற்றைப் பின்னால் தள்ளிவிட அவளிடம் ஒரு தனித் தலையசைப்பு இருந்தது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் அந்தத் தலையசைப்பு வரும். வலது முன்கையில் மணிக்கட்டு தொடங்கி முழங்கை வரைக்கும் பச்சை. ஆபீஸ் முதலாளியோ கணக்குப்பிள்ளையோ அந்தக் காதைப் பற்றியும் கையைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்க என்ன இருக்கிறது? அந்தக் கொட்டகையில் உட்கார்ந்திருந்த அத்தனை பெண்களுக்கும் காது அப்படித்தான், கை அப்படித்தான்.

என் மகளும் ஆபீசுக்குத்தான் போகிறாள். சென்னையில், பழைய மகாபலிபுரம் சாலையில், கண்ணாடிச் சுவர் வைத்த ஏழு மாடிக் கட்டடம். அவளுடைய இடது முன்கையில் ஒரு திமிங்கலம் இருக்கிறது. வலது காதின் மேல்மடலில் இரண்டு துளை, அவற்றில் இரண்டு சிறு வளையம். அவளையும் அங்கே மேலே இருப்பவர்கள் யாரும் எதுவும் கேட்பதில்லை.

இந்த இரண்டு ஆபீசுகளுக்கும் நடுவே ஏறக்குறைய அறுபது வருடம். அந்த அறுபது வருடமும் எல்லோரும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கேட்டவர்களில் நானும் ஒருவன்.

ஆச்சியின் கையில் இருந்தது கோலம். வாசலில் போடுகிற அதே புள்ளிக்கோலம். புள்ளிகளைச் சுற்றி வளைந்து வளைந்து போய்த் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும் கோடு. அதற்கு மேலே ஒரு தேள். அதற்கும் மேலே தேர் என்று அவள் சொல்வாள். எங்களுக்கு அது ஏணி மாதிரித்தான் தெரியும். ஏழெட்டு வயதில் குத்தியது. ஊருக்குள் வந்த குறத்தி திண்ணையில் உட்கார்ந்து, பிள்ளையின் கையை மடியில் இழுத்து வைத்து, வலி தெரியாமல் இருக்கப் பாட்டுப் படித்துக்கொண்டே குத்தினாளாம். கூலி ஒரு படி கம்பும் ஒரு பழைய சேலையும். எந்தக் கோலம் வேண்டும் என்று ஆச்சியை யாரும் கேட்கவில்லை. அவள் அம்மா காட்டினாள், குறத்தி குத்தினாள்.

அந்த மையை எப்படிச் செய்தார்கள் என்பதை, சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிவைத்திருக்கிறார். மஞ்சளையும் அகத்தி இலையையும் அரைத்துத் துணியில் தடவித் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்து, மேலே புதுப் பானையைக் கவிழ்த்தால் பானைக்குள் கரி படியும். அதைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்தால் மை. கூலியையும் குறித்திருக்கிறார். ஒரு புள்ளிக்கோ ஒரு கோட்டுக்கோ காலணா. சிக்கலான கோலம் என்றால் பன்னிரண்டு அணா வரை. மை கறுப்புத்தான். தோலுக்கு அடியில் போய்த் தங்கிய கரியை மேல்தோலின் வழியாகப் பார்க்கும்போதுதான் அது நீலமும் பச்சையுமாகத் தெரிகிறது. குத்திய பொருளின் நிறத்தை விட்டுவிட்டுக் கண்ணுக்குப் படும் நிறத்தையே பெயராக வைத்தது தமிழ்.

பாம்படத்தை ஆச்சி கழற்றியதும் உண்டு, அடகு வைத்ததும் உண்டு. பச்சையைப் பற்றிச் சொல்லும்போது மட்டும், “சாகும்போது கூட வாரது இது ஒண்ணுதாம்ல” என்பாள். அந்தத் தலைமுறைப் பெண்கள் எல்லோரும் நம்பியது அது. 1991-இல் அவள் இறந்தபோது பாம்படம் ஏற்கெனவே கைமாறியிருந்தது. என் தம்பியின் காலேஜ் சம்பளமாக அது மாறியிருந்தது. வெறும் காது தோளில் கிடந்தது. பச்சை அவளோடு போயிற்று.

காதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்று புதிது என்று நாம் நினைக்கும் பல துளைகள் அன்று இருந்தவைதான். பிறந்து சில நாளில் காதைக் குத்தி, துளையில் பஞ்சை வைத்து, பிறகு ஓலைச்சுருளைச் செருகி, பிறகு குணுக்கு என்ற ஈய வளையங்களைத் தொங்கவிட்டுச் சோணையை இழுத்து இழுத்து வளர்ப்பார்கள். ‘காது வளர்த்தல்’ என்றே அதற்குப் பெயர். வளர்ந்த காதில் பாம்படம், சில சீமைகளில் தண்டட்டி. மேல்மடலில் கொப்பும் முருகும். மூக்கின் இரு பக்கமும் மூக்குத்தி, நடுத்தண்டில் புல்லாக்கு. இன்று மேல்காதில் குத்திக்கொள்ளும் பிள்ளைகள் அதை ‘ஹீலிக்ஸ்’ என்கிறார்கள், மூக்கின் நடுத்தண்டில் குத்துவதை ‘செப்டம்’ என்கிறார்கள். கொப்பு இருந்த இடமும் புல்லாக்கு இருந்த இடமும்தான். ஆண்களுக்குக் கடுக்கன். வைரக் கடுக்கன் போட்ட பெரிய மனிதர்களைப் பழைய ஸ்டூடியோப் படங்களில் வேண்டிய மட்டும் பார்க்கலாம்.

இவையெல்லாம் மறைக்க வேண்டியவையாக எப்போது மாறின என்று எனக்குக் காட்டியவள் என் அத்தை.

அத்தை பிறந்தது 1946-இல். எட்டு வயதில் அவளுக்கும் பச்சை குத்தினார்கள். ஆனால் காலம் அதற்குள் சுருங்கிவிட்டிருந்தது. ஆச்சிக்கு முழங்கை வரை ஓடிய கோலம் அத்தைக்கு இடது மணிக்கட்டின் மேல் ஐந்து புள்ளியும் ஒரு சின்னத் தேளுமாக, ஒரு ரூபாய் அகலத்தோடு நின்றுபோனது. காதை வளர்க்கவில்லை. பாளையங்கோட்டையில் ஆசிரியர் பயிற்சி முடித்து 1967-இல் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் மாதச் சம்பளத்தில் அவள் வாங்கிய பொருள் ஒரு கைக்கடிகாரம். ஆண்கள் கட்டுகிற கடிகாரம்; பட்டை அகலம். எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். அந்த அகலப் பட்டைக்குக் கீழே தேள் ஒளிந்துகொண்டது.

2004-இல் ஓய்வுபெறும் வரை முப்பத்தேழு வருடம் அந்தப் பட்டை அங்கேயே இருந்தது. கடிகாரம் மூன்று முறை மாறியது. பட்டையின் அகலம் மாறவில்லை. வெயில் காலத்தில் அதற்கு அடியில் வேர்க்குரு வந்து புண்ணாகும். தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு மறுபடி கட்டிக்கொள்வாள். ஏன் இந்தப் பாடு என்று ஒருமுறை கேட்டேன். “போர்டுல எழுதும்போது பிள்ளைக பாத்துருமே” என்றாள். பார்த்தால் என்ன? அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் கையிலும் அது இருந்திருக்கும். அத்தைக்குப் பயம் பிள்ளைகளிடம் இல்லை. உடன் வேலை பார்த்த, டவுனில் வளர்ந்த டீச்சர்கள் யார் கையிலும் பச்சை இல்லை. காட்டு வேலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போகும் வீடுகளில் இருந்து வந்தவள் என்று அந்தத் தேள் சொல்லிவிடும். படிப்பு, பேச்சு, சேலைக்கட்டு எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ள முடிந்தவளால் அந்த ஒரு ரூபாய் அகலத்தை மட்டும் மாற்ற முடியவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. அவளுடைய பணிப்பதிவேட்டில் அங்க அடையாளம் என்ற இடத்தில், ‘இடது மணிக்கட்டில் பச்சை குத்திய அடையாளம்’ என்று தெளிவாக எழுதியிருக்கிறது. வகுப்பறைக்குத் தெரியக் கூடாது என்று அவள் மறைத்ததை வைத்துத்தான் சர்க்கார் அவளை அவள் என்று ஒப்புக்கொண்டது.

பச்சையையும் சர்க்காரையும் சேர்த்துப் பேசினால் பழைய கணக்கு ஒன்றும் நினைவுக்கு வருகிறது. கம்பெனி ஆட்சியில் வங்காளத்திலும் சென்னை மாகாணத்திலும் கடுங்குற்றவாளிகளின் நெற்றியில் அவர்கள் செய்த குற்றத்தைப் பச்சை குத்தும் தண்டனை இருந்தது. ‘கோத்னா’ என்று அதற்குப் பெயர். 1849-இல் ஒழித்தார்கள். தலையெழுத்து என்று நாம் சும்மா சொல்லிக்கொள்வதை அவர்கள் ஊசியால் எழுதியிருக்கிறார்கள். பச்சை குத்துவதைத் தொழிலாகச் செய்த குறவர் சமூகத்தையே பின்னர் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் நீங்கியது 1947-இல்தான். குத்திய கைக்கும் குத்தப்பட்ட கைக்கும் மரியாதை குறைந்ததில் இவற்றுக்கெல்லாம் ஒரு பங்கு இருக்கத்தான் செய்யும்.

என் தலைமுறைக்கு வரும்போது பச்சை என்றாலே இரண்டே வகை மனிதர்கள்தான். ஒருவர் கட்சிக்காரர். எம்.ஜி.ஆர். தம் கட்சியினரைக் கட்சிக்கொடியைக் கையில் பச்சை குத்திக்கொள்ளச் சொன்னதும், உள்ளேயே சிலர் முரண்டியதும் அந்தக் காலத்தவருக்கு நினைவிருக்கும். இன்னொருவர் சினிமாவில் வரும் அடியாள். புஜத்தில் காதலி பெயரோ பாம்போ இருந்தால் அவன் கதாநாயகனிடம் உதை வாங்கப் பிறந்தவன். 1986-இல் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்று சென்னையில் கண்டறியப்பட்ட பிறகு ஊசி என்றாலே ஒரு பயமும் சேர்ந்துகொண்டது. எங்கள் வீட்டில் என் தங்கைக்கோ எனக்கோ யாரும் பச்சை குத்தவில்லை. ஊருக்குள் குறத்தி வந்தால், “எங்க பிள்ளைக படிக்கிற பிள்ளைக” என்று ஆச்சியே சொல்லி அனுப்பிவிடுவாள். தன் கையில் இருப்பதை அவள் மறைக்கவும் இல்லை, எங்கள் கைக்குக் கொடுக்கவும் இல்லை.

இனி என் பங்குக்கு வருகிறேன். 1987 முதல் ஒரு தனியார் வங்கியில் வேலை பார்த்தேன். 2003-இல் கிளார்க் வேலைக்கு ஆள் எடுக்கும் குழுவில் என்னையும் உட்காரவைத்தார்கள். மூன்று பேர் குழு. மாலை நான்கு மணி வாக்கில் ஒரு பையன் வந்தான். திருச்சிப் பக்கம். கணக்கில் கெட்டி. வட்டிக் கணக்கு ஒன்றை நான் பேனா எடுக்கும் முன் வாயாலேயே சொல்லிவிட்டான். இடது காதில் மிளகு அளவுக்கு ஒரு கடுக்கன்.

குழுவில் மூத்தவர், “என்ன தம்பி இது, பாட்டுக் கச்சேரிக்கா வந்திருக்கீங்க?” என்று கேட்டார். பையன் சிரிக்கவில்லை. “குலதெய்வம் கோயில்ல நேர்ந்துக்கிட்டுக் குத்துனது சார். கழட்டச் சொன்னா கழட்டிடுறேன்” என்றான். கையும் காதுக்குப் போயிற்று. வேண்டாம் என்று நாங்கள் பெருந்தன்மையாகச் சொன்னோம். அவன் வெளியே போனதும் மூத்தவர், “கவுண்டர்ல உக்காந்தா கஸ்டமர் என்ன நினைப்பாங்க?” என்றார். படிவத்தில் ‘தோற்றம்’ என்று ஒரு கட்டம் இருந்தது, பத்து மதிப்பெண். அவர் மூன்று போட்டார். நான் நாலு போட்டேன். அவனுக்கு வேலை கிடைக்கவில்லை.

அந்த அறையில் எங்கள் தலைக்கு மேலே வங்கியைத் தொடங்கியவரின் எண்ணெய் ஓவியம் மாட்டியிருந்தது. தலைப்பாகை, அங்கவஸ்திரம், இரண்டு காதிலும் புளியங்கொட்டை அளவுக்கு வைரக் கடுக்கன். பதினாறு வருடமாக நான் தினமும் பார்த்த படம். அன்றைக்கு அது கண்ணில் படவில்லை. கஸ்டமர் என்ன நினைப்பார்கள் என்பதையும் என் முப்பத்து மூன்று வருடச் சர்வீசில் எந்தக் கஸ்டமரும் வந்து சொன்னதில்லை. யாருடைய காதையும் பார்த்து ஒருவர்கூடக் கணக்கை முடித்துக்கொண்டு போகவில்லை.

அதற்கு இரண்டு வருடம் கழித்து 2005-இல் ‘கஜினி’ வந்தது. நினைவு தங்காத சூர்யா தன் உடம்பையே நோட்டுப் புத்தகமாக்கி எண்களையும் பெயர்களையும் எழுதிக்கொண்டார். டாட்டூ அந்தப் படத்தால் வந்தது என்று சொல்ல மாட்டேன்; ஆனால் உதை வாங்கும் அடியாளின் தோளில் இருந்து அது கதாநாயகனின் நெஞ்சுக்கு வந்ததை நாங்கள் எல்லோரும் கொட்டகையில் உட்கார்ந்து பார்த்தோம். பிறகு நுங்கம்பாக்கத்திலும் அண்ணா நகரிலும் கடைகள் வந்தன. 2016-இல் ஜெயலலிதாவின் பிறந்தநாளுக்குச் சென்னையில் நூற்றுக்கணக்கானோர் அவர் உருவத்தைக் கையில் வரைந்துகொண்டபோது நாளிதழ்களில் அதற்குப் பெயர் பாதி இடத்தில் பச்சை, பாதி இடத்தில் டாட்டூ.

பேச்சில் ஒரு வேறுபாட்டைக் கவனித்திருக்கிறேன். பச்சையை ‘குத்தினார்கள்’ என்போம். டாட்டூவை ‘போட்டுக்கொண்டேன்’ என்கிறார்கள். முதலாவதில் செய்தது யாரோ. இரண்டாவதில் வளையலும் பொட்டும் போல அது நம் இஷ்டம்.

மகள் வேலைக்குச் சேர்ந்தது 2017-இல். அதற்குள் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் கெடுபிடி தளர்ந்துவிட்டது. டை கட்டிக்கொண்டு போக வேண்டும், வெள்ளிக்கிழமை மட்டும் ஜீன்ஸ் என்றிருந்த காலம் போய், 2015 ஜூனில் இன்போசிஸே வாரம் முழுக்க இஷ்டப்பட்ட உடையில் வரலாம் என்று அறிவித்தது. உடையை விட்டுக்கொடுத்த பிறகு தோலைப் பிடித்து வைத்துக்கொள்வதில் அர்த்தம் இல்லை. வெளிநாட்டிலும் இதே சமயத்தில்தான் விட்டுக்கொடுத்தார்கள்: விமானக் கம்பெனிகளில் ஏர் நியூசிலாந்து 2019-லும் வர்ஜின் அட்லாண்டிக் 2022-லும் பணிப்பெண்களும் பணியாளர்களும் டாட்டூவை மறைக்காமல் வரலாம் என்றன. நியூசிலாந்துக்காரர்களுக்கு அதில் கூடுதல் கடமை ஒன்று இருந்தது. மாவோரி மக்களுக்கு டாட்டூ என்பது குலவரலாறு.

திமிங்கலத்துக்கு மகள் கொடுத்தது ரூ.9,000. சதுர அங்குலக் கணக்கு. நிலத்துக்கு அடுத்தபடி நம் ஊரில் சதுரக் கணக்கில் விலை பேசப்படுவது தோல் ஒன்றுதான் என்று நான் சொன்னதை அவள் ரசிக்கவில்லை. மூன்று வாரம் யோசித்தாளாம், வரைபவரோடு நாலு தடவை பேசினாளாம். புது ஊசியைக் கண்ணெதிரில் பிரித்தார்கள், கையுறை போட்டார்கள், இரண்டு வாரத்துக்கு எப்படிப் பார்த்துக்கொள்வது என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள். ஓராண்டுக்கு ரத்ததானம் செய்ய முடியாது என்றும் சொல்லி அனுப்பினார்கள். ஆச்சிக்கு விளக்குக் கரியும், ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய பழைய ஊசிகளும், மேலே அப்பிய மஞ்சளும்தான். சீழ் வைத்துக் கை வீங்கிப் பத்து நாள் காய்ச்சலில் கிடந்ததை அவளே சொல்லியிருக்கிறாள். சுத்தத்தில் இன்று எவ்வளவோ மேல். பிள்ளையின் சம்மதம் கேட்கப்படுவதும் மேல். இதைச் சின்ன விஷயம் என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் ஆச்சியின் கோலத்தை யாரும் ‘அர்த்தம் என்ன’ என்று கேட்டதில்லை. மகளின் திமிங்கலத்தைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். அவளிடம் அதற்கு ஒரு பதில் இருக்கிறது, ஆள் பார்த்து நீளமாகவும் சுருக்கமாகவும் சொல்கிறாள். கிணற்றடியில் தண்ணீர் இறைக்கும் நாலு பெண்களின் கையை ஒன்றாக நீட்டச் சொன்னால் கோலமெல்லாம் அக்காள் தங்கைகளாக இருக்கும். இது எந்தப் பக்கத்து ஊர்க் கோலம் என்றுகூட ஆச்சி சொல்லிவிடுவாள். மகளின் ஆபீஸ் லிப்டில் நாலு கை நீண்டால் ஒன்றில் திமிங்கலம், ஒன்றில் பூனை, ஒன்றில் ரோமன் எண்ணில் ஒரு தேதி, ஒன்றில் புரியாத எழுத்து. ஒவ்வொன்றும் தனி. அந்தக் கோலங்களைக் கையில் வைத்திருந்த கடைசிப் பெண்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். எங்கள் ஊரில் திண்ணைக்கு வந்த குறத்தியின் பேத்திகள் யாரும் இன்று அந்தத் தொழிலில் இல்லை. நுங்கம்பாக்கத்துக் கடைகளில் ஊசி பிடிக்கும் கைகள் வேறு.

எல்லா ஆபீசும் மகளுடைய ஆபீஸ் இல்லை. என் தங்கை மகனுக்கு இருபத்திரண்டு வயது. கோவில்பட்டியில்தான் இருக்கிறான். மத்திய ஆயுதப் படைகளில் கான்ஸ்டபிள் வேலைக்கு இரண்டு வருடமாகத் தயாராகிறான். காலை நாலரைக்கு எழுந்து ஓடுகிறான். பதினேழு வயதில் ஊர்த் திருவிழாவில், ராட்டினத்துக்குப் பக்கத்தில் பேட்டரி மெஷினோடு உட்கார்ந்திருந்தவரிடம் ரூ.300 கொடுத்து வலது முன்கையின் உட்புறத்தில் ‘அம்மா’ என்று எழுதிக்கொண்டான். என் தங்கை அதைப் பார்த்துவிட்டு அந்தக் கையிலேயே அடித்தாள்.

விதியை அவன் மனப்பாடமாகச் சொல்கிறான். ராணுவத்தில் முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் இருக்கலாம். வேறு எங்கும் கூடாது. மத்திய ஆயுதப் படைகளில் அதைவிடக் கறார். சாமி உருவமோ பெயரோ இருக்கலாம். முன்கை என்றால் இடது முன்கையின் உட்புறம் மட்டும், ஏனென்றால் வலது சல்யூட் அடிக்கும் கை. அளவும் அந்தப் பகுதியில் கால் பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும். அவனுடையது பெயர்தான், சின்னதுதான், உட்புறம்தான். கைதான் மாறிப்போயிற்று. இந்த வலக்கை, இடக்கை வழக்குகள் உயர் நீதிமன்றங்கள் வரை போயிருக்கின்றன.

ராணுவ விதியில் இன்னொரு வரி இருக்கிறது. வழிவழியாகப் பச்சை குத்தும் பழங்குடியினருக்கு, முகத்தில் இருந்தாலும் உடம்பில் இருந்தாலும், ஆளுக்கு ஆள் பார்த்து அனுமதி உண்டு. அதாவது, பரம்பரை குத்தியது என்றால் சர்க்கார் இரங்கும், தானாகப் போட்டுக்கொண்டது என்றால் இரங்காது. மகளின் கம்பெனியோ தானாகப் போட்டுக்கொண்டதைப் பார்த்துப் புன்னகைக்கிறது. ஆச்சியின் கோலத்தோடு யாராவது அங்கே வரவேற்பு மேசையில் உட்கார வந்தால் என்ன செய்யும் என்று நான் சில சமயம் நினைத்துப் பார்ப்பதுண்டு.

தங்கை மகன் மதுரைக்குப் போய் லேசர் வைத்துக்கொள்கிறான். ஒரு தடவைக்கு ரூ.2,500. போட்ட காசைவிட எட்டு மடங்கு, அதுவும் ஒரு தடவைக்கு. லேசர் மையைத் தூள் தூளாக உடைக்கும். உடைந்த தூளை ரத்தத்தின் வெள்ளணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுமந்து போகும். அதனால் இரண்டு தடவைக்கு நடுவே ஒன்றரை மாதம், இரண்டு மாதம் விட வேண்டும். அவசரப்படுத்த முடியாது. மை கறுப்பு என்பதால் சீக்கிரம் போகிறது. ஆனால் நம்முடைய மாநிறத் தோலில் லேசர் மையோடு சேர்த்துத் தோலின் சொந்த நிறத்தையும் எடுத்துவிடுவது உண்டு. நாலு தடவை முடிந்துவிட்டது. போன மாதம் கையை நீட்டிக் காட்டினான். கறுப்பு எழுத்து போய்விட்டது. அது இருந்த இடத்தில் அதே மூன்று எழுத்து வெள்ளையாகத் தெரிகிறது. ‘அம்மா’ என்று நன்றாகவே படிக்க முடிகிறது.

பக்கத்தில் அத்தை உட்கார்ந்திருந்தாள். எழுபத்தொன்பது வயது. இப்போது கடிகாரம் கட்டுவதில்லை. தேள் மங்கி, கால்கள் ஒன்றோடொன்று கலந்து ஒரு நீலப் பொட்டாகிவிட்டது. அவன் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தவள், “வாட்ச் கட்டிக்கிட்டா உள்ள விடமாட்டானுகளாய்யா?” என்று கேட்டாள்.

“எல்லாத்தையும் கழட்டச் சொல்வாங்க ஆச்சி” என்றான்.

அடுத்த லேசர் வரும் 20-ஆம் தேதி. மருத்துவத் தேர்வு 12-ஆம் தேதி.